கணவரின் கையெழுத்து அவளுடைய சம்மதம் ஆகாது

எங்கள் குஜிலியம்பாறைப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றால் வீட்டில் நாலு நாள் பேச்சு நடக்கும். கடலை பிடுங்குவதற்கு முன்பா பின்பா, மில்லில் எத்தனை நாள் லீவு தருவார்கள், காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறதா, தெற்கே திண்டுக்கல் போவதா வடக்கே கரூர் போவதா, துணைக்கு யார் இருப்பது, மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்று ஒன்று விடாமல் பேசி முடிவெடுப்பார்கள். தியேட்டருக்குள் அவள் உடம்பில் என்னென்ன செய்யப்போகிறார்கள் என்பதை மட்டும் யாரும் அவளிடம் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவது புருஷன். புருஷன் இல்லையென்றால் மகன். மகன் திருப்பூரில் வேலையில் இருந்தால் அண்ணனோ தம்பியோ. அவள் கட்டிலில் உட்கார்ந்து, கழற்றிய தாலியை யார் கையில் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன் தியேட்டர் நர்சாக இருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊருக்குத் திரும்பியவள் நான். சந்தைக்குப் போனாலும் துக்க வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நர்சம்மா, ஒரு சந்தேகம்" என்பாள். பெரும்பாடு, வெள்ளைப்படுதல், அடி இறக்கம் என்று பேச்சு போகும். அப்படி ஒரு பெண் கேட்டதுதான் இதை எழுத வைத்தது. "ஆபரேசன்ல எனக்கு உள்ள என்னென்ன எடுத்தாகன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவுகதான் கையெழுத்துப் போட்டாக. அவுகளுக்கும் தெரியாது" என்றார். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தார்கள். ஆபரேஷன் நடந்தபோது அவருக்கு நாற்பது வயது ஆகியிருக்கவில்லை. உடம்பு திடீரென்று காந்துவதும், ராத்திரி வேர்த்துக் கொட்டுவதும், முழங்கால் வலியும் எதனால் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

எடுத்தது தேவைப்பட்டுத்தானா என்பதை அந்தச் சீட்டை வைத்து நான் சொல்ல முடியாது. தேவைப்பட்டே இருக்கலாம். அவரிடம் சொல்லவில்லை என்பதைச் சொல்ல எனக்கு எந்தப் பட்டமும் வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் நம் நாட்டில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அதைச் சொல்வேன். 1995 மே மாதம் டெல்லியில் 44 வயதான, திருமணமாகாத சமீரா கோலி என்ற பெண் மாதவிலக்கு நிற்காமல் போகிறது என்று ஒரு தனியார் மருத்துவரிடம் போனார். ஸ்கேன் எடுத்த பிறகு, லேப்ராஸ்கோப்பி வைத்து உள்ளே பார்த்தால்தான் காரணம் தெரியும் என்றார்கள். அதற்குச் சம்மதித்து, மறுநாள் படிவத்தில் அவரே கையெழுத்திட்டார். பிறகு முழு மயக்கம் கொடுத்தார்கள். உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும்போதே கர்ப்பப்பையை எடுப்பதென்று மருத்துவர் முடிவு செய்தார். உதவி மருத்துவர் வெளியே வந்து, அங்கே காத்திருந்த வயதான தாயாரிடம் கையெழுத்து வாங்கினார். மகள் கண் விழித்தபோது கர்ப்பப்பையும் இல்லை, சினைப்பைகளும் இல்லை, கருக்குழாய்களும் இல்லை.

தேசிய நுகர்வோர் ஆணையம் அவருடைய புகாரைத் தள்ளுபடி செய்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன். அந்தத் தீர்ப்பின் சாரம் எந்தக் கிராமத்துப் பெண்ணுக்கும் புரியக்கூடியது. நோயைக் கண்டறியக் கொடுத்த சம்மதம், சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது. ஓர் ஆபரேஷனுக்குக் கொடுத்த சம்மதம் வேறோர் ஆபரேஷனுக்குச் செல்லாது. வயது வந்த, சுயபுத்தியுள்ள ஒருவர் மயக்க மருந்தால் சற்று நேரம் நினைவின்றிக் கிடக்கிறார் என்பதற்காக, அவருக்குப் பதில் தாயோ வேறொருவரோ சம்மதம் கொடுத்துவிட முடியாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்க, மயக்கம் தெளியும்வரை தாமதிக்க முடியாது என்ற நிலைமை இருந்தால் மட்டுமே மருத்துவர் கேட்காமல் மேலே போகலாம். சமீரா கோலிக்கு அந்த நிலைமை இல்லை. மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்கலாம்.

மருத்துவருக்குச் சிகிச்சைக் கட்டணம் கிடையாது, 25 ஆயிரம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏறக்குறைய 12 ஆண்டுகள் நீதிமன்றம் ஏறி இறங்கிய பெண்ணுக்கு அது மிகச் சொற்பம். ஆனாலும் "அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார்" என்ற பதில் சட்டத்தின் முன் நிற்காது என்பது அன்று நிலைத்தது. அம்மா கையெழுத்தே நிற்காது என்றால் புருஷன் கையெழுத்து எப்படி நிற்கும்?

இருந்தும் நம் ஊர்களில் வழக்கம் மாறவில்லை. அதற்கு ஆஸ்பத்திரியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழு நெறிமுறை விதிகள்தான் இன்றும் டாக்டர்களைக் கட்டுப்படுத்துகின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய விதிகளை அறிவித்து, அந்த மாதமே 23ஆம் தேதி அவற்றை நிறுத்தி வைத்துவிட்டது. பழைய விதிகளின் 7.16ஆம் பிரிவு, ஆபரேஷனுக்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டியவர்களைச் சொல்லும்போது கணவன் அல்லது மனைவி என்று தொடங்கி, சிறுவர் என்றால் பெற்றோர், பாதுகாவலர் என்று போய், நோயாளியைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. இன்னொரு பக்கம், 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும் என்கிறது. அதற்கும்கூடப் புருஷனைக் கூட்டி வா என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது கத்தி பட்ட விஷயம். தழும்பைப் பார்த்தாவது என்னவோ நடந்திருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். தழும்பே இல்லாமல் நடக்கும் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நம் பத்திரிகைகளில் அநேகமாகப் பேச்சே இல்லை.

தியேட்டரில் "பி.வி. பார்ப்பது" என்போம். பிறப்புறுப்பின் வழியே இரண்டு விரல்களை உள்ளே செலுத்தி, மறு கையால் அடிவயிற்றை அழுத்தி, கர்ப்பப்பையின் பருமனையும் அது இருக்கும் நிலையையும் அறிகிற பரிசோதனை. ஆபரேஷனுக்குச் சற்று முன், நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது, அறுவை செய்யும் மருத்துவர் ஒரு தடவை இப்படிப் பார்ப்பார். தசைகள் தளர்ந்திருக்கும்போது கைக்கு நன்றாகப் பிடிபடும். இது அந்தப் பெண்ணின் சிகிச்சைக்கு வேண்டியது. இதில் தப்பு எதுவும் இல்லை. முன்கூட்டி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

அவர் பார்த்து முடித்த பிறகு நடப்பதைத்தான் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் வேறொரு மாவட்டத்தில், மாணவர்கள் படிக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். "நீயும் பாரு" என்பார் மூத்தவர். ஒருவர் பார்த்ததும் அடுத்தவர் கையுறை மாட்டுவார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். மேஜையில் கிடப்பவள் வெடித்த குதிகாலோடு காட்டிலிருந்து வந்தவள். தன் புருஷனைத் தவிர வேறோர் ஆணின் முன்னால் முந்தானையைக்கூட விலக்கியிராதவள். இரண்டாவது ஆள் பார்ப்பதாலோ நான்காவது ஆள் பார்ப்பதாலோ அவளுடைய சிகிச்சைக்கு ஒரு பயனும் இல்லை. அது அவர்களுடைய படிப்பு. அவளிடம் யாரும் கேட்டதில்லை, பிறகு சொன்னதும் இல்லை. நர்சுக்கு அந்த இடத்தில் பேச்சு குறைவு. பச்சைத் துணியை இழுத்து மூடுவேன், "டாக்டர், மயக்கம் கொடுத்து நேரமாகுது" என்பேன். சில நாள் அது பலித்தது.

அந்த மாணவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாதிப் பேர் முகம் வாடித்தான் நிற்பார்கள். மூத்தவர் சொல்லும்போது முடியாது என்று சொல்ல ஒரு முதலாண்டு பி.ஜி.யால் எப்படி முடியும்? முதல் முறை கூசிய கை, பத்தாவது முறை கூசாது. எனக்குப் பெரிய வருத்தம் அதுதான். கேட்காமல் தொடலாம் என்ற பாடம், உடற்கூறு பாடத்தோடு சேர்ந்தே மனதில் இறங்கிவிடுகிறது.

அதே ஆஸ்பத்திரியில் வேறொரு யூனிட்டில் ஒரு டாக்டரம்மா இருந்தார். மறுநாள் ஆபரேஷன் என்றால் முந்தின நாள் சாயங்காலம், மாணவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்பார்: "ஏத்தா, நாளைக்கு நீ மயக்கத்துல இருக்கையில, இந்தப் புள்ளைக ரெண்டு பேரும் ஒன்னையத் தொட்டுப் பார்த்துப் படிச்சுக்கிடலாமா? வேணாம்னா வேணாம். ஒன் வைத்தியத்துல ஒரு கொறையும் வராது." பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். சிலர், "பொம்பளப் புள்ளைக பார்க்கட்டும், பயக வேணாம்" என்றார்கள். ஒரு பாட்டி மட்டும் வேண்டவே வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். என்ன சொன்னார்களோ அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவார். மறுநாள் தியேட்டரில் அதுதான் நடக்கும். அவரிடம் படித்த மாணவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகக் கற்றுக்கொண்டதாக ஒருவரும் சொன்னதில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிடலாமா? 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று நம் திண்டுக்கல். ஆண்டுக்கு 150 மாணவர்கள் சேரும் கல்லூரி. கரூருக்கு அதற்கு முன்பே, 2019இல் வந்துவிட்டது. ஆக, குஜிலியம்பாறையிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் இன்று நாம் போய்ச் சேருவது மாணவர்கள் படிக்கும் ஆஸ்பத்திரிக்கு. இதைப் புகாராகச் சொல்லவில்லை. ஒரு நல்ல சர்ஜனைப் பார்க்க மதுரைக்கு ஓட வேண்டியிருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். நம் மாவட்டத்திலேயே கல்லூரி வந்தது பெரிய பேறு. அங்கே இந்தப் பரிசோதனைகள் எப்படி நடக்கின்றன என்பதை நான் நேரில் கண்டதில்லை, அதனால் அந்தக் கல்லூரியைப் பற்றி எந்தக் குற்றமும் சொல்லவில்லை. புதுக் கல்லூரி என்பதால் வழக்கங்கள் இப்போதுதான் உருவாகின்றன. நல்ல வழக்கமாக அமைக்க இதைவிடத் தோதான நேரம் வராது என்பதற்காகச் சொல்கிறேன்.

மற்ற நாடுகளும் இந்த வழியாகத்தான் வந்திருக்கின்றன. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருந்த தேசியப் பெண்கள் மருத்துவமனையைப் பற்றி 1987இல் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்ட பெண்களுக்குச் சரியான சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்தார்கள் என்பது அந்தக் கட்டுரை. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988இல் அறிக்கை தந்தார். மயக்கத்தில் இருந்த பெண்களை அவர்களைக் கேட்காமலே மாணவர்கள் பரிசோதித்துப் பழகியதும் அந்த விசாரணையில் வெளிவந்தது. அந்த நாட்டில் நோயாளிகளின் உரிமைகள் 1996இல் சட்ட பலத்தோடு வந்தன. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2003இல் வந்த ஓர் ஆய்வு, இங்கிலாந்தில் ஒரு மருத்துவக் கல்லூரியின் மாணவர்களிடம் கேட்டு எழுதப்பட்டது. மயக்கத்தில் இருந்தவர்களிடம் அவர்கள் செய்த அந்தரங்கப் பரிசோதனைகளில் 24 சதவீதத்துக்குச் சம்மதம் வாங்கிய தடயமே இல்லை. அமெரிக்க மத்திய சுகாதாரத் துறை 2024 ஏப்ரல் 1 அன்றுதான், மார்பகம், இடுப்புக்குழி, ஆசனவாய், புராஸ்டேட் ஆகியவற்றை மாணவர்கள் பரிசோதிக்கும் முன் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று மருத்துவமனைகளுக்குத் தெளிவாக எழுதியது. புராஸ்டேட் என்று சேர்த்ததைக் கவனியுங்கள். இது பெண்களின் பிரச்சினை மட்டும் கிடையாது. ஹெர்னியா ஆபரேஷனுக்குப் படுக்கும் நம் அப்பாக்களுக்கும் இதே நிலைமைதான்.

நான் தினமும் கழுவி, ஆட்டோகிளேவில் வைத்து எடுத்த, பிறப்புறுப்பை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலத்தின் பெயர் சிம்ஸ். அமெரிக்காவின் அலபாமாவில் 1840களில், அனார்கா, லூசி, பெட்சி என்ற அடிமைப் பெண்களின் மேல் மயக்க மருந்துகூட இல்லாமல் திரும்பத் திரும்ப ஆபரேஷன் செய்து பழகிய மருத்துவரின் பெயர் அது. அந்தப் பெண்களால் முடியாது என்று சொல்லியிருக்க முடியாது. மகப்பேறு மருத்துவம் அப்படிப்பட்டவர்களின் உடம்பிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறது. நம் நாட்டிலும் கற்றுக்கொடுக்கும் உடம்பு ஏழையின் உடம்புதான். காசு கட்டித் தனி அறையில் படுப்பவரைச் சுற்றி மாணவர்கள் நிற்பதில்லை. இலவசச் சிகிச்சைக்கு இது ஈடு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரி நம் வரிப்பணத்தில் நடப்பது. தீப்பெட்டி வாங்கும் கிழவியும் அதற்கு வரி கட்டியிருக்கிறாள். அவள் யாருக்கும் கடன்பட்டுப் படுத்திருக்கவில்லை.

டாக்டர்கள் சொல்லும் மறுப்புகள் எனக்குத் தெரியும். அவர்களோடுதான் என் வாழ்நாள் போனது. கேட்டால் எல்லாரும் மறுத்துவிடுவார்கள், பிறகு பிள்ளைகள் எங்கே கற்பது என்பார்கள். டாக்டரம்மாவின் வார்டில் நான் கண்டது வேறு. கனடாவில் பெண்களிடம் கேட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்விலும், கேட்டால் சம்மதிப்போம் என்றவர்கள் 62 சதவீதம், மறுப்போம் என்றவர்கள் 14 சதவீதம்தான். நேரம் இல்லை என்பார்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் ஓடினாலும் மயக்க டாக்டர் முந்தின நாள் எல்லாரையும் பார்த்துத்தானே ஃபிட்னஸ் கொடுக்கிறார். சொன்னால் புரியாது என்பார்கள். விதை எப்போது போடுவது, வட்டி எவ்வளவு சேர்ந்திருக்கிறது, மகளை எங்கே கொடுப்பது என்று முடிவெடுக்கிற பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றிச் சொன்னால் புரியாதா? படிக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தாலே சம்மதம்தான் என்றும் சிலர் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அது படிக்கும் ஆஸ்பத்திரி என்பதே தெரியாது. வெள்ளைக்கோட்டு போட்ட எல்லாரும் அவளுக்கு டாக்டர்தான்.

முறைகள் இல்லாமலும் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் இருக்கின்றன. விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்குவது அவற்றில் ஒன்று. ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. மத்திய அரசு இதை மாநிலங்களுக்கு அனுப்பியது. ஆனால் மீறினால் என்ன தண்டனை என்பதற்கு அதில் பதில் இல்லை. ஒரு புது மருந்தைச் சோதிக்க வேண்டும் என்றால் 2019ஆம் ஆண்டு விதிகள், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் சம்மதம் வாங்குவதை வீடியோவிலேயே பதிவு செய்யச் சொல்கின்றன. மயக்கத்தில் கிடக்கும் பெண்ணின் அந்தரங்கத்தில் மாணவர் கை வைப்பதற்குத் தனியாக ஒரு தாள்கூட இல்லை. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் செய்யப்படும் இரு விரல் பரிசோதனையைத் தடுத்து நிறுத்துமாறு தமிழக அரசுக்குச் சொன்னது. மருத்துவத்தின் பெயரால் நடக்கும் எல்லாத் தொடுதலும் மருத்துவம் ஆகிவிடாது என்பதை நம் நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டுவிட்டன. மயக்கத்தில் இருப்பவளின் கதைக்கு மட்டும் இன்னும் யாரும் வரவில்லை. அவளுக்கு நடந்தது அவளுக்கே தெரியாது, பிறகு யார் வழக்குப் போடுவது?

இது நடக்காத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். பிரசவ அறைக்குள் கர்ப்பிணியின் அம்மாவையோ அக்காவையோ விடலாம் என்று தமிழ்நாடு அரசு 2004 வாக்கில் முடிவெடுத்தபோது, கூட்டம் கூடும், கிருமி பரவும், வேலை கெடும் என்று எங்களில் எத்தனை பேர் முணுமுணுத்தோம். இன்று அது சாதாரண விஷயம். கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பதால் எந்த வேலையும் கெடவில்லை.

ஆகவே கேட்பது பெரிதில்லை. திண்டுக்கல், கரூர் மருத்துவக் கல்லூரி முதல்வர்களும் மக்கள் நல்வாழ்வுத் துறையும், ஆபரேஷன் படிவத்திலிருந்து பிரித்து, தமிழில் தனியாக ஒரு தாள் அடிக்க வேண்டும். நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போது மாணவர்கள் உங்கள் அந்தரங்க உறுப்பைப் பரிசோதித்துக் கற்க விரும்புகிறார்கள், எத்தனை பேர், ஆணா பெண்ணா, சம்மதமா, மறுத்தால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்று அதில் இருக்க வேண்டும். அதை முந்தின நாளே, புருஷனையும் மாமியாரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவள் கையெழுத்தோ கைநாட்டோ அவளுடையதாக இருக்க வேண்டும். அவள் சொன்னதற்கு மேல் தியேட்டரில் எதுவும் நடந்தால் தடுக்கும் அதிகாரம் பொறுப்பு நர்சுக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாமல் மற்றவை வெறும் தாளாகவே இருக்கும்.

உயிர் போகும் அவசரத்தில் இதில் எதற்கும் காத்திருக்க வேண்டாம். ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது கையெழுத்துக்காக யாரையும் தேடி ஓடக்கூடாது, சட்டமும் அப்படிக் கேட்கவில்லை.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்: எனக்கு உள்ளே எதை எடுக்கப் போகிறீர்கள், எதை விடப் போகிறீர்கள், மயக்கத்தில் என்னை யார் யார் தொடுவார்கள்? கேட்பதால் எந்த டாக்டரும் சிகிச்சையை மறுக்க முடியாது. வேண்டாம் என்பதை வேண்டாம் என்றே சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். துணைக்குப் போகும் ஆண்களே, படிவத்தை உங்கள் கையில் நீட்டினால் அதை வாங்கி அவள் கையில் கொடுங்கள்.